நொண்டியோடு முந்நூற்றுப் பன்னிரண்டு

ஊரில் என் தங்கை புருஷனுக்குப் பத்துப்பத்து என்று பெயர். வைத்தவன் நான்தான். அவர் நீர்த்தேக்கத்தில் பறவைக் காவலர். ஆயிரக்கணக்கில் இறங்கிக் கிடக்கிற பறவைகளை ஒவ்வொன்றாக எண்ண முடியாதாம். முதலில் பத்தை எண்ணி, அந்தப் பத்து எவ்வளவு இடத்தை அடைக்கிறது என்று கண்ணில் வாங்கிக்கொள்ள வேண்டும். பிறகு அதே அளவை மிச்சக் கூட்டத்தின் மேல் பத்து, பத்து என்று வைத்துக்கொண்டே போக வேண்டும். இருபத்திரண்டு வருஷமாக இதைச் செய்து செய்து, பேருந்து நிலையத்தில் நின்றால்கூட மனுஷனுக்கு உதடு அசையும். என்ன மாப்பிள்ளை என்று கேட்டால், டிக்கெட் வரிசையில் எழுபது பேர் மச்சான் என்பார். நானும் ஒருமுறை விளையாட்டாகப் போய் எண்ணிப் பார்த்தேன். எழுபத்தொன்று இருந்தது. அவர் தன்னைச் சேர்க்க மறந்திருந்தார்.

எனக்கு வேன் ஓட்டுகிற தொழில். நாள் முழுக்கப் பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றி இறக்குவேன். வருஷத்துக்கு ஒரு ஞாயிறு பறவைக் கணக்கெடுப்புக்காரர்களை ஏற்றிக்கொண்டு இரண்டு நீர்த்தேக்கமும் கடைசியில் சதுப்புநிலக் காப்பகமும் சுற்றுவேன். இரண்டு கூட்டத்துக்கும் பெரிய வித்தியாசம் கிடையாது. ஜன்னல் சீட்டுக்கு அடித்துக்கொள்வார்கள், தண்ணீர் பாட்டிலை வண்டியிலேயே விட்டுவிட்டு இறங்குவார்கள். பிள்ளைகளாவது சொன்னால் கேட்கும்.

அந்த வருஷமும் விடிவதற்கு முன்பே தங்கை வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தினேன். காப்பகத்தின் வேலியை ஒட்டி, வாய்க்காலுக்கு இந்தப் பக்கம் அவர்கள் வீடு. பின்னால் ஒரு குட்டை. குட்டைக்கரையில் வலை அடித்த பட்டி. இன்ஜின் சத்தம் கேட்டதும் வாத்துகள் கத்த ஆரம்பித்தன. பனி இறங்கியிருந்தது. அடுக்களை விளக்கு மட்டும் எரிந்தது.

தங்கை அவித்த முட்டைகளைக் கூடையில் அடுக்கிக்கொண்டிருந்தாள். இப்போது எத்தனை உருப்படி என்று கேட்டேன்.

"முந்நூத்திப் பன்னிரண்டு. நொண்டியோட."

நொண்டி அவள் காலடியில் நின்றது. பொரிக்கும்போதே ஒரு பாதம் உள்பக்கமாக மடிந்துவிட்ட வாத்து. பட்டியில் விட்டால் மற்றதெல்லாம் ஏறி மிதிக்கும் என்று அடுக்களையிலேயே வளர்ந்தது. துணி துவைத்துப் போடுகிற பிளாஸ்டிக் கூடைதான் அதற்கு வீடு. அவள் அடுப்புக்கும் தொட்டிக்கும் நடக்கிறபோதெல்லாம் அதுவும் பின்னாலேயே விந்தி விந்திப் போகும். வீட்டில் மருமகள் இல்லாத குறை தீர்ந்தது என்று நான் கேலி செய்வேன்.

அந்த வாத்துகள் இல்லையென்றால் அந்த வீடு இல்லை. மாப்பிள்ளையின் வேலை வருஷா வருஷம் புதுப்பிக்கிற வேலை. நாலு மாதம் சம்பளம் வராமல் கிடந்த வருஷமும் உண்டு. அப்போதெல்லாம் வீட்டை நிறுத்தியது முட்டைதான். அவர்கள் பெண் வெளியூரில் தங்கி நர்ஸுக்குப் படிக்கிறாள் என்றால் அதுவும் முட்டையால்தான். இருபது குஞ்சில் ஆரம்பித்து, வெந்நீர் பாட்டிலைத் துணியில் சுற்றிக் கூட வைத்து வளர்த்து, பதினோரு வருஷத்தில் என் தங்கை இங்கே வந்து நின்றிருந்தாள்.

மாப்பிள்ளை பின்பக்கம் சாக்கை உதறிக்கொண்டிருந்தார். நத்தைச் சாக்கு. தினமும் சாயங்காலம் சதுப்பின் ஓரத்தில் அரைச் சாக்கு நத்தை பொறுக்கி, தோளில் போட்டுக்கொண்டு வருவார். நத்தை தின்றால் முட்டை ஓடு கெட்டிப்படும். இந்த யோசனையைச் சொன்னதும் நான்தான். தீவனக் கடையில் யாரோ பேசிக்கொண்டதைக் கேட்டுவந்து பெரிய விவரஸ்தன் மாதிரி சொன்னேன்.

இரண்டு வாத்து நேற்றிலிருந்து தீனிக்கு வரவில்லை என்று தங்கை சொன்னாள். பனிக்கு ஒடுங்கியிருக்கும் என்று அவளே பதிலும் சொல்லிக்கொண்டாள். நேரமாகிறது என்று நான் ஹாரன் அடித்தேன்.

கூட்டத்துக்குத் தலைவர் ஓய்வு பெற்ற விலங்கியல் வாத்தியார். கணக்குப் படிவம் அவர் கையில் இருக்கும். அவரை விட்டால் கேமராக்கார அம்மா ஒருத்தர், சும்மா பார்க்க வந்த நாலைந்து பேர். பெரிய நீர்த்தேக்கத்தின் கரையில் இறங்கியபோது தண்ணீரும் வானமும் ஒரே நிறத்தில் கிடந்தன. மாப்பிள்ளை முக்காலியை ஊன்றித் தொலைநோக்கியைப் பூட்டினார். ஒரு கண்ணை மூடினார். அதன்பிறகு மனுஷன் வேறு ஆள். வீட்டில் தீப்பெட்டி எங்கே இருக்கிறது என்று தெரியாதவர், அங்கே நின்று நாமக்கோழி நானூற்று இருபது, ஊசிவால் வாத்து அறுநூற்றுப் பத்து, முக்குளிப்பான் முப்பத்தெட்டு என்று ஒப்பிப்பார். வாத்தியார் வாயைத் திறக்காமல் எழுதுவார். பெரிய படிப்புப் படித்தவர்கள் எல்லாம் இந்த எட்டாம் வகுப்பு வாய்க்குக் காத்துக்கொண்டு நிற்பதைப் பார்க்க எனக்கு உள்ளுக்குள் பெருமையாக இருக்கும். வெளியே காட்டிக்கொள்ள மாட்டேன்.

இரண்டாவது நீர்த்தேக்கத்தில் தண்ணீர் வற்றிச் சேறு தெரிந்தது. உள்ளான்கள் ஓடி ஓடிக் கொத்திக்கொண்டிருந்தன. முக்கால்வாசி எண்ணி முடித்த நேரத்தில் ஒரு பருந்து தாழப் பறந்து வர, மொத்தக் கூட்டமும் எழும்பி, சுழன்று, வேறெங்கோ போய் இறங்கியது. மாப்பிள்ளை தொலைநோக்கியிலிருந்து முகத்தை எடுத்து, "ஆரம்பத்துலேருந்து வாங்க சார்," என்றார். ஒரே சிரிப்பு. குத்துமதிப்பாகப் போட்டுவிடலாமே என்று யாரோ சொன்னார்கள். வாத்தியார் அவரை முறைத்தார். இவர் கொடுக்கிற எண்ணில் குத்துமதிப்பு என்பதே கிடையாது, அதனால்தான் இந்தக் காப்பகம் இன்னும் காப்பகமாக இருக்கிறது என்றார். அது உண்மை. சதுப்பைத் தூர்த்துக் கட்டடம் எழுப்ப இரண்டு முறை ஆள் வந்தபோதும், நிறுத்தியது மாப்பிள்ளையின் எண்கள்தான்.

மறுபடி எண்ணி முடித்துவிட்டு மரத்தடியில் உட்கார்ந்து ரொட்டியும் முட்டையும் சாப்பிட்டோம். கேமராக்கார அம்மா முட்டையைக் கல்லில் தட்டித் தட்டிப் பார்த்துவிட்டு, ஓடு என்ன இவ்வளவு கெட்டி என்று கேட்டார். நான் நத்தை ரகசியத்தை விளக்கமாகச் சொன்னேன். மாப்பிள்ளை வெட்கப்பட்டுக்கொண்டு சிரித்தார். அன்றைக்கு அவர் சிரித்தது அதுதான் கடைசி.

காப்பக வாசலில் ஒரு சிமெண்டுத் தொட்டி உண்டு. பிளீச்சிங் பவுடர் கரைத்த தண்ணீர். போகும்போதும் வரும்போதும் காலணியை அதில் முக்கித்தான் நடக்க வேண்டும். எங்கேயோ பறவைக் காய்ச்சல் வந்தபிறகு அலுவலகம் போட்ட விதி. மாப்பிள்ளை அதில் கறார். ரேஞ்சரையே ஒருமுறை திரும்ப வரச்சொல்லி முக்க வைத்தவர். நாங்கள் வரிசையாக முக்கிவிட்டு, மூங்கில் தட்டி அடித்த மறைவிடத்துக்குள் போய் உட்கார்ந்தோம்.

கோரைக்கு நடுவே தண்ணீர் தெரிந்தது. மாப்பிள்ளை எண்ண ஆரம்பித்தார். இடது ஓரத்திலிருந்து பத்து, பத்து என்று வந்துகொண்டிருந்தவர் ஓரிடத்தில் நின்றார். வாத்தியார் பேனாவோடு காத்திருந்தார். மாப்பிள்ளையின் உதடு அசையவில்லை.

கேமராக்கார அம்மா தன் கேமராவை அந்தப் பக்கம் திருப்பி, அந்த வாத்து என்ன சுற்றிச் சுற்றி வருகிறது என்று கேட்டார்.

"குளிக்குதும்மா," என்றார் மாப்பிள்ளை.

பிறகு மிச்சத்தை எண்ணி முடித்தார். எண்கள் வழக்கம்போல வந்தன, குரல்தான் வேறாக இருந்தது. படிவத்தின் அடியில் நோயுற்றவை, இறந்தவை என்று ஒரு கட்டம் உண்டு. வாத்தியார் வழக்கம்போலக் கேட்டார். மாப்பிள்ளை வழக்கம்போல, இல்லை சார் என்றார். இருபத்திரண்டு வருஷமாக அவர் சொன்ன எதையும் யாரும் திருப்பிப் பார்த்ததில்லை. அன்றைக்கும் பார்க்கவில்லை.

எல்லாரும் வெளியே போனதும் என்னைக் கையைப் பிடித்து நிறுத்தினார். தொலைநோக்கியில் பார் என்றார். பார்த்தேன். ஒரு ஊசிவால் வாத்து கழுத்தை முதுகுப்பக்கம் முறுக்கிக்கொண்டு, ஒரு துடுப்பை மட்டும் போட்ட படகு மாதிரி ஒரே இடத்தில் வட்டமடித்தது. பக்கத்தில் இன்னொன்று. கோரை அடியில் வெள்ளை வயிறு தெரிய நாலைந்து மிதந்தன.

"இதுதான் மச்சான் அது. பயிற்சில படம் போட்டுக் காட்டினாங்க."

"அப்ப சொல்லு."

"சொன்னா, சுத்துவட்டம் ஒரு கிலோமீட்டருக்கு வீட்டுப் பறவை ஒண்ணு மிஞ்சாது. எல்லாத்தையும் எடுத்துப் புதைச்சிருவாங்க. என் வீடு இங்கேருந்து நானூறு மீட்டர்."

அதற்கு நான் என்ன சொன்னேன் என்பதை மறைக்க விரும்பவில்லை. காட்டு வாத்து எங்கிருந்தோ வந்தது, தானாகப் போய்விடும், நீ பார்க்கவில்லை நானும் பார்க்கவில்லை, வாயை மூடிக்கொண்டு வண்டியில் ஏறு என்றேன். என் தங்கை முகம்தான் கண்ணில் நின்றது. அண்டை அயலில் இருக்கிறவர்களின் கோழிகளோ, அவற்றோடு விளையாடுகிற பிள்ளைகளோ எனக்கு அப்போது நினைவில் இல்லை.

அவர் வெளியே வந்து தொட்டியில் காலை முக்கினார். ஒரு காலை எடுத்தவர் இன்னொரு காலை உள்ளேயே வைத்துக்கொண்டு நின்றுவிட்டார். என் தோளில் இருந்த முக்காலியைப் பார்த்தார். தன் தோளைத் தொட்டுப் பார்த்தார்.

"காலைத்தான முக்கினேன்," என்றார். "தினமும் ஒழுங்கா காலைத்தான முக்கினேன் மச்சான். சாக்கு தோள்ல இருந்துச்சே."

நான் அவரை வண்டியில் ஏற்றினேன். மற்றவர்களை ஊருக்குள் இறக்கிவிட்டு நாங்கள் இருவரும் வீட்டுக்குப் போனபோது வெயில் சாயவில்லை. வழக்கமாக அந்நேரம் குட்டையில் ஒரே ரகளையாக இருக்கும். அன்றைக்குப் பாதிக் கூட்டம் கரையில் உட்கார்ந்திருந்தது.

தங்கை பின்படியில் ஒரு வாத்தை மடியில் வைத்திருந்தாள். தீனிக்கு வராதது இரண்டு என்றது பதினொன்றாகி இருந்தது. தண்ணீரில் மருந்து கலந்து கொடுத்திருக்கிறாள். கண்ணைப் பாருங்கள் என்று தலையைத் தூக்கிக் காட்டினாள். கருவிழி மேல் பால் ஊற்றின மாதிரி வெள்ளை படர்ந்திருந்தது. தலை நிற்காமல் ஒரு பக்கமாக முறுக்கிக்கொண்டு போனது. அவள் நேராக்கினாள். அது மறுபடி முறுக்கியது.

மாப்பிள்ளை சொன்னார். சதுப்பில் பார்த்ததை, சாக்கை, படிவத்தில் இல்லை என்று எழுதச் சொன்னதை, எல்லாவற்றையும் நின்றவாக்கில் சொன்னார். ஒரு வார்த்தை கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. வேலியில் காயப்போட்டிருந்த சாக்கில் சதுப்புச் சேறு காய்ந்து ஒட்டியிருந்தது.

அவள் அழுவாள், அல்லது அவரை நாலு கேள்வி கேட்பாள் என்று நினைத்தேன். அவள் வாத்தைத் தரையில் இறக்கிவிட்டாள்.

"இல்லைன்னு எழுதச் சொன்னீங்களா?"

அவர் தலையை ஆட்டினார்.

"ஒரு கொக்கைக் கூடக் குறைச்சுச் சொல்ல மாட்டீங்க. சம்பளம் வராதப்பக்கூட விடியறதுக்கு முன்னால எந்திரிச்சுப் போய் எண்ணுவீங்க. எனக்காகப் பொய் சொன்னீங்களா?"

"உனக்காகத்தான்."

"பக்கத்து வீட்டுப் பொண்ணு குஞ்சைத் தூக்கி மடியில வச்சுக்கிட்டுச் சோறு திங்குது. நாளைக்கு அது படுத்தா அதையும் எனக்காகன்னு சொல்வீங்களா? கூப்பிடுங்க. டாக்டரம்மாவைக் கூப்பிடுங்க."

அவர் செல்போனை எடுத்தார். இரண்டு முறை தப்பான எண்ணை அழுத்தினார். நான் வாங்கி அழுத்திக் கொடுத்தேன். முதலில் கால்நடை மருத்துவரிடம் பேசினார். அடுத்து வாத்தியாரைக் கூப்பிட்டு, சார் அந்தக் கட்டத்தைத் திருத்துங்க என்றார். சொல்லி முடித்தும் போனைக் காதிலேயே வைத்துக்கொண்டு நின்றார்.

அன்றே சோதனைக்கு மாதிரி எடுத்துக்கொண்டு போனார்கள். மூன்றாம் நாள் காலையில் முடிவு வந்தது. அதற்குள் நாற்பத்தேழு செத்துவிட்டன. தங்கை ஒவ்வொன்றையும் தனித்தனிப் பையில் கட்டிவைத்தாள். இந்த மூன்று நாளும் அவள் அவரோடு பேசவில்லை. கோபம் என்று சொல்ல முடியாது. பேச்சுக்கு அவர்களிடம் ஒன்றும் மிச்சமில்லை. பொழுது விடிந்தால் குட்டைக்கரை, பொழுது சாய்ந்தால் குட்டைக்கரை. அவர் வேலியோரம் உட்கார்ந்திருப்பார். அவள் தேநீரைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்துவிட்டுப் போவாள். அது ஆறிக் கிடக்கும்.

அக்கம்பக்கத்தில் விஷயம் தெரிந்துவிட்டது. பக்கத்து வீட்டுக்காரர் தன் முப்பது கோழியையும் கூண்டில் போட்டுத் தானே தூக்கிக்கொண்டு வந்து வாசலில் வைத்தார். திட்டவில்லை. திட்டியிருந்தால் மாப்பிள்ளைக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். அந்தச் சின்னப் பெண் மட்டும் வேலிக்கு அப்பால் நின்று, பெரியப்பா என் குஞ்சு எப்ப வரும் என்று கேட்டது. அவர் எழுந்து வீட்டுக்குள் போய்விட்டார்.

டாக்டரம்மாவும் பன்னிரண்டு பேரும் வந்தார்கள். தலையிலிருந்து கால்வரை வெள்ளை உடுப்பு, கண்ணாடி, கையுறை. எங்களுக்கும் ஆளுக்கு ஒன்று கொடுத்து மாட்டிக்கொள்ளச் சொன்னார்கள். குட்டைக்கு அப்பால் இயந்திரம் குழி தோண்ட ஆரம்பித்தது. நான் என் உடுப்பை மாட்ட அடுக்களைக்குள் போனேன். தொட்டிக்கு அடியில் துணிக்கூடை கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது. மேலே ஈரத்துணி. கூடையின் ஓட்டை வழியாக ஒரு அலகு தெரிந்தது. மூன்று நாளும் அவள் நொண்டியை வெளியே விடவே இல்லை என்று அப்போதுதான் புரிந்தது. ஞாயிறு காலை நத்தை கொட்டியபோதும் அது அடுக்களையில்தான் இருந்தது. அதன் கண் தெளிவாக இருந்தது. நான் துணியை இன்னும் கொஞ்சம் இழுத்து மூடிவிட்டு வெளியே வந்தேன்.

வந்தவர்கள் வாத்துப் பிடித்துப் பழகியவர்கள் இல்லை. வெள்ளை உடுப்பைக் கண்டதும் தெம்பாக இருந்ததெல்லாம் தண்ணீரில் இறங்கி நடுவுக்குப் போய்விட்டது. கரையில் வலையோடு ஓடினார்கள். சேற்றில் விழுந்தார்கள். பிடிபட்டது ஒன்று சிறகு முறிந்து கத்தியது. வேலி தாண்டி வாய்க்காலுக்குள் போய்விட்டால் சதுப்பு முழுக்கப் பரவிவிடும் என்று டாக்டரம்மா பதறினார். ஒரு மணி நேரத்தில் இருபதுகூடப் பிடிக்கவில்லை. பிறகு டாக்டரம்மா தயங்கித் தயங்கி அடுக்களை வாசலுக்கு வந்தார். அம்மா, உங்கள் குரலுக்கு வரும் என்று சொல்கிறார்கள் என்றார்.

தங்கை வர மாட்டேன் என்று தலையசைத்தாள். சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொண்டாள். மறுபடி ஒரு வாத்து வலையில் மாட்டிக் கத்தியது. அவள் காதைப் பொத்தினாள். இன்னொன்று கத்தியது. எழுந்தாள். உடுப்பின் முகமூடியைக் கீழே இறக்கிவிட்டாள், அதைப் போட்டுக்கொண்டு கூப்பிட்டால் அவளைத் தெரியாது அல்லவா. தீனி வாளியை எடுத்துக்கொண்டு போய்ப் பட்டி வாசலில் நின்று விளிம்பில் தட்டினாள்.

"வா... வா வா வா... வா..."

தினமும் சாயங்காலம் கூப்பிடுகிற அதே குரல். குட்டை நடுவில் தலைகள் திரும்பின. முன்னால் ஒன்று வந்தது, பின்னாலேயே மற்றதெல்லாம் வந்தன. கரையேறி, உதறி, வரிசையாக ஆடி ஆடி அவளைத் தாண்டிப் பட்டிக்குள் போயின. தலை முறுக்கிக் கிடந்தவைகூட அந்தக் குரலுக்கு எழுந்து, விழுந்து, மறுபடி எழுந்து வந்தன. வெள்ளை உடுப்புக்காரர்கள் வலையைக் கீழே போட்டுவிட்டு ஒதுங்கி நின்றார்கள். நான் பார்க்க முடியாமல் திரும்பிக்கொண்டேன். திரும்பிய இடத்தில் மாப்பிள்ளை நின்றார். அவர் உதடு அசைந்துகொண்டிருந்தது.

கடைசி வாத்தும் போனதும் அவள் படலைச் சாத்தினாள். வாளியில் மிச்சம் இருந்த தீனியை உள்ளே கொட்டினாள். டாக்டரம்மா அட்டையோடு வந்து, வலையில் பிடித்ததையும் சேர்த்து எத்தனை என்று கேட்டார்.

"இருநூத்தி அறுபத்துநாலு," என்றார் மாப்பிள்ளை.

டாக்டரம்மா எழுதினார். செத்தது நாற்பத்தேழு, ஆக முந்நூற்றுப் பதினொன்று, அவ்வளவுதானே என்று கேட்டார். மாப்பிள்ளை என்னைப் பார்த்தார். நான் அவர் கண்ணையே பார்த்து, ஆமாம் என்று சொல் என்று மனதுக்குள் கெஞ்சினேன். ஒரே ஒரு வாத்து. கால் மடிந்த வாத்து. யாருக்குத் தெரியும். இந்தத் தடவை தங்கை பக்கம் அவர் திரும்பவே இல்லை.

"ஒண்ணு குறையுதும்மா," என்றார்.

வீட்டுக்குள் போனார். துணிக்கூடையை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வந்தார். நொண்டி கழுத்தை நீட்டி வெளிச்சத்தைப் பார்த்தது. அவளைக் கண்டதும் கூடையிலிருந்து இறங்கத் துடித்தது. தங்கை பட்டி வாசலிலிருந்து நடந்து வந்தாள். அவள் அவரை அடிப்பாள் என்று நான் பயந்தேன். அடிக்கவில்லை. கூடையிலிருந்து அதைத் தூக்கி மார்போடு சேர்த்துக்கொண்டாள். மடங்கிய அந்தப் பாதத்தை உள்ளங்கையில் தாங்கிக்கொண்டாள். யார் கையிலும் கொடுக்கவில்லை. தானே படலைத் திறந்து, உள்ளே போய், மற்றது மிதிக்காத மூலையாகப் பார்த்து அதை உட்கார வைத்துவிட்டு வந்து, படலைச் சாத்தினாள்.

மூன்று நாளுக்குப் பிறகு அவள் அவரிடம் பேசினாள்.

"இப்ப எண்ணிப் பாருங்க. சரியா இருக்கா?"

"சரியா இருக்கு," என்றார் அவர்.